கீமோவுக்கு முன் அம்மாவுக்கு முதல் விக்: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: அம்மாவுக்கு 54 வயது. மார்பகப் புற்றுநோய். இன்னும் பத்து நாளில் கீமோ தொடங்குகிறது. முடி கண்டிப்பாகக் கொட்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மா பள்ளி ஆசிரியை, இடுப்பு வரை பின்னல் போட்டுப் பழகியவர். உடம்புக்கு முடிகிற நாட்களில் பள்ளிக்கூடம் போக வேண்டும் என்கிறார். கடையில் ஒரிஜினல் முடி விக் 35,000 ரூபாய் சொல்கிறார்கள். பார்க்க அதே மாதிரி இருப்பது ஆன்லைனில் 1,800 ரூபாய். எங்களுக்கு இதில் ஒன்றும் தெரியாது. எதை வாங்குவது? மதுரை வெயிலில் போட முடியுமா? பார்த்தால் விக் என்று தெரிந்துவிடுமா?

பதில்:

இப்போதைக்கு அந்த இரண்டையுமே விட்டுவிடுங்கள். முதல் விக்காக, கழுத்தளவு நீளத்தில், எடை குறைந்த சிந்தெடிக் விக் ஒன்று வாங்குங்கள். நெற்றியோரத்தில் லேஸும் வகிட்டுப் பகுதியில் மோனோ என்கிற மெல்லிய வலையும் இருக்க வேண்டும் (இவை எதற்கு என்று கீழே சொல்கிறேன்). மிச்சமாகும் பணத்தில் ஒரு பங்கை, அதை அம்மாவின் தலையில் வைத்தே வெட்டிச் சரிசெய்யத் தெரிந்த ஒருவருக்குக் கொடுங்கள். நான் விக் பொருத்தும் தொழிலில் இருக்கிறேன். வாங்கிய பிறகு மனம் நொந்து வருபவர்களில் பெரும்பாலோர், பழைய பின்னல் அப்படியே வேண்டும் என்று நீளமான, கனமான, விலை கூடிய விக்கை முதலிலேயே வாங்கியவர்கள்தான். ஆசை புரிகிறது. ஆனால் கீமோ எடுக்கிற உடம்பு அதைத் தாங்குவது கஷ்டம்.

முதலில் காலக்கணக்கைப் பார்ப்போம். மார்பகப் புற்றுநோய்க்குப் பரவலாகக் கொடுக்கும் அட்ரியாமைசின், சைக்ளோபாஸ்பமைட், பாக்லிடாக்செல், டோசிடாக்செல் போன்ற மருந்துகளில், முதல் கீமோ ஏறிய இரண்டு மூன்று வாரத்தில் முடி கொட்ட ஆரம்பிக்கும். சீப்பிலும் தலையணையிலும் கொத்தாக வரும். சில நாட்களிலேயே தலை வெறுமையாகிவிடலாம். சிகிச்சை பொதுவாக நான்கிலிருந்து ஆறு மாதம் ஓடும். கடைசி கீமோவுக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்துப் புதுமுடி முளைத்து, மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். வெளியே போகிற அளவுக்குக் குட்டைமுடி வர இன்னும் சில மாதம். ஆக, அம்மாவுக்கு விக் தேவைப்படுவது சுமார் ஒரு வருஷம்.

தினமும் போட்டால் ஒரு சிந்தெடிக் விக் நான்கிலிருந்து ஆறு மாதம் நன்றாக இருக்கும். அப்புறம் பிடரிப் பக்கம் சிக்கு விழுந்து சொரசொரப்பாகிவிடும். இரண்டு வாங்கி மாற்றி மாற்றிப் போட்டால் அந்த ஒரு வருஷம் ஓடிவிடும். இரண்டும் சேர்ந்தாலும் 35,000 பக்கத்தில் வராது. முதல் விக்கைப் போட்டுப் பழகிய பிறகுதான், எது உறுத்துகிறது, எந்த நீளம் வசதி, தனக்கு விக் வேண்டுமா, ஸ்கார்ஃப் போதுமா என்பதெல்லாம் அம்மாவுக்கே தெரியவரும். அந்த அனுபவம் வருவதற்கு முன்பே பெரிய தொகையைப் போட வேண்டாம் என்பதுதான் என் யோசனை.

சிந்தெடிக் என்றவுடன் பலர் முகம் சுளிக்கிறார்கள். பொம்மைத் தலை மாதிரி பளபளக்கும் என்ற நினைப்பு. மலிவான இழையில் அது உண்மைதான். கொஞ்சம் நல்ல இழையில் பளபளப்பு குறைவு. அப்படியும் மினுங்கினால், டால்கம் பவுடரைக் கையில் லேசாகத் தேய்த்துக்கொண்டு முடி மேல் தடவி உதறிவிட்டால் மங்கிவிடும். புதிதாக விக் போடுபவருக்கு சிந்தெடிக்கில் இன்னொரு பெரிய வசதி உண்டு. கழுவிக் காயவைத்தால் பழைய வடிவத்துக்குத் தானாகத் திரும்பிவிடும். ஒரிஜினல் முடி அப்படி இல்லை. ஒவ்வொரு முறையும் கழுவி, கண்டிஷனர் போட்டு, உலர்த்தி, வடிவம் கொடுக்க வேண்டும். கீமோவுக்கு மறுவாரம் எழுந்து உட்காரவே முடியாத நிலையில் அந்த வேலையை யார் செய்வது?

சிந்தெடிக்கின் எதிரி சூடு. இதை எழுதி அடுப்படியில் ஒட்டிவையுங்கள். தாளிக்கும்போது குனிவது, குக்கர் மூடியைத் திறக்கும்போது முகத்தில் அடிக்கும் ஆவி, இட்லிப் பானையைத் திறப்பது, ஓவன் கதவைத் திறப்பது எல்லாமே ஆபத்து. ஒரு நொடி போதும், நெற்றிப் பக்க இழைகள் சுருண்டு பொசுங்கி, நுனியில் சின்னச் சின்ன உருண்டைகளாக உறைந்துவிடும். பொசுங்கினதை வெட்டி எறியலாமே தவிர மீட்க முடியாது. சமைக்கும்போது விக்கைக் கழற்றிவிட்டுப் பருத்தித் துணியைக் கட்டிக்கொள்ளட்டும். சாதாரண சிந்தெடிக்கில் ஹேர் டிரையரும் அயர்ன் கருவியும் கூடவே கூடாது. சூடு தாங்கும் இழை என்று தனியாக ஒரு வகை வருகிறது. அது இன்னும் சீக்கிரம் சொரசொரக்கும் என்பதால் தினசரி உபயோகத்துக்கு நான் சொல்வதில்லை.

இனி ஒரிஜினல் முடி பற்றி. அந்த 1,800 ரூபாய் விக், நீளமாகவும் இருந்து ‘ஹியூமன் ஹேர்’ என்றும் போட்டிருந்தால், அது முழுக்க மனித முடியாக இருக்க வாய்ப்பே இல்லை. இதற்குக் காரணம் நம் ஊரிலேயே இருக்கிறது. பழனி, திருத்தணி, சமயபுரம், திருமலை மாதிரிக் கோயில்களில் காணிக்கையாக இறக்கும் முடி ஏலத்தில் போகிறது. வியாபாரிகள் அதை நீளவாரியாகப் பிரிக்கிறார்கள். நீளம் கூடக்கூட விலை வேகமாக ஏறும். ஒரே தலையிலிருந்து ஒரே வீச்சில் இறக்கிய முடி என்பதால் வேர் ஒரு பக்கமும் நுனி ஒரு பக்கமுமாக வைத்துக் கட்ட முடியும். முடியின் மேல் இருக்கும் நுண்ணிய செதில்கள் எல்லாம் ஒரே திசையைப் பார்க்கும். இதைத்தான் ரெமி என்கிறார்கள். நல்ல ஒரிஜினல் விக் என்றால் இதில் செய்ததாக இருக்க வேண்டும்.

இன்னொரு வகை, சீப்பில் வருகிற உதிர்முடி. தெருவில் ஒலிபெருக்கி வைத்துக்கொண்டு வந்து பணமோ பாத்திரமோ கொடுத்து வாங்கிப் போகிறார்களே, அதுதான். அதில் வேரும் நுனியும் கலந்துகிடக்கும். எதிரெதிர்ச் செதில்கள் ஒன்றோடொன்று மாட்டிச் சிக்கு விழும். அதனால் அமிலத்தில் ஊறவைத்துச் செதிலையே கரைத்துவிட்டு, மேலே சிலிகான் பூசுவார்கள். கடையில் தொட்டால் பட்டாக இருக்கும். சில தடவை கழுவியதும் பூச்சு போய்விடும், அப்புறம் ஒவ்வொரு நாளும் சிக்கெடுப்பதே வேலையாகிவிடும்.

எப்போதாவது ஒரிஜினல் வாங்கப் போனால் இரண்டு சோதனை செய்து பாருங்கள். ஒற்றை முடியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து, வேரிலிருந்து நுனிக்கு உருவுங்கள். பிறகு நுனியிலிருந்து வேருக்கு உருவுங்கள். முதல் தடவை வழவழப்பாகவும், திரும்பும்போது லேசாகப் பிடிப்பது போலவும் இருந்தால் செதில் இருக்கிறது என்று அர்த்தம். இரண்டு பக்கமும் ஒரே வழவழப்பு என்றால் கரைத்த முடியாக இருக்கலாம், சிந்தெடிக்காகவும் இருக்கலாம். அடுத்து, கடைக்காரரிடம் கேட்டு, உதிர்ந்த ஓர் இழையைக் கடைக்கு வெளியே வைத்துக் கொளுத்திப் பாருங்கள். மனித முடி பொசுங்கின நாற்றத்தோடு எரிந்து, விரலில் நசுக்கினால் சாம்பலாகப் போகும். சிந்தெடிக் உருகிக் கெட்டி மணியாக நிற்கும். கலப்பட விக்கில் இரண்டுமே இருக்கும் என்பதால் வெவ்வேறு இடத்திலிருந்து இரண்டு மூன்று இழை எடுப்பது நல்லது. நேர்மையான கடைக்காரர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

முடி எதுவாக இருந்தாலும், தலையில் எப்படி உட்காரும், இயற்கையாகத் தெரியுமா என்பதை முடிவு செய்வது உள்ளே இருக்கும் கேப், அதாவது முடியைத் தைத்திருக்கும் அடித்தொப்பி. கடையில் விக்கைக் கையில் வாங்கியதும் முதலில் உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். மலிவான வகையில் எலாஸ்டிக் பட்டைகளில் முடியை வரிசை வரிசையாக மெஷினில் தைத்திருப்பார்கள். காற்றோட்டத்துக்கு அதுதான் மிக நல்லது. ஆனால் உச்சியில் தையல் தெரியாமல் இருக்க, அடியில் குட்டையாகக் கசக்கிய இழையை அடைத்திருப்பார்கள். அதனால் உச்சி புடைத்துக்கொண்டு நிற்கும், வகிடு எடுத்தால் தோல் தெரியாது. மோனோ என்பது மெல்லிய வலைத்துணி. அதில் ஒவ்வொரு முடியாகக் கையால் முடிச்சுப் போட்டிருப்பார்கள். வகிடு எடுத்தால் வலை வழியாக உள்ளே இருக்கும் தோல் தெரியும், தலையிலிருந்தே முளைத்த மாதிரி இருக்கும். நெற்றியோர லேஸும் இதே வேலையைத்தான் செய்கிறது, முடி தொடங்கும் இடத்தில்.

நெற்றியில் முடியை விட்டுக்கொள்ளும் பழக்கம் உள்ளவருக்கு லேஸ் இல்லாமலேயே சமாளிக்கலாம், முடி மறைத்துவிடும். நம் அம்மாக்களில் பலர் நெற்றி தெரிய வாரி, நடுவகிடு எடுப்பவர்கள். நெற்றிக்கோடு முழுசாக வெளியே தெரியும். அதனால்தான் உங்கள் விஷயத்தில் லேஸும் மோனோவும் வேண்டும் என்கிறேன். கேப் முழுவதும் கையால் முடிச்சுப் போட்ட வகை இன்னும் மென்மையானது, விலையும் கூட. வகிட்டுப் பகுதியில் மட்டும் மோனோ, மீதி எல்லாம் மெஷின் தையல் என்று வருவதே போதும், காற்றும் வரும். ஒன்று மட்டும் கவனியுங்கள். தையல் பட்டையின் முனைகள் முடியில்லாத தலையில் குத்தும். உள்பக்கம் முழுக்க விரலை ஓட்டிப் பார்த்து, சொரசொரப்பான இடம் இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அளவு எடுப்பது சுலபம். தையல் டேப்பை நெற்றியில் முடி தொடங்கும் இடத்தில் வைத்து, காதுக்கு மேலாகக் கொண்டுபோய், பிடரிக் குழி வழியாகச் சுற்றி வாருங்கள். 21½ முதல் 22½ அங்குலம் என்றால் சாதாரண அளவு, பெரும்பாலான பெண்கள் இதில் வருவார்கள். 21க்குக் கீழே சிறியது, 23 வந்தால் பெரியது. இடுப்பு வரை முடி இருக்கும்போது எடுத்த அளவு, முடி போன பிறகு கொஞ்சம் குறையும். அதனால் பின்பக்கம் இறுக்கிக்கொள்ளும் பட்டை உள்ளதாகப் பாருங்கள். தலைக்கும் கேப்புக்கும் நடுவில் ஒரு விரல் நுழைகிற அளவுக்கு இருந்தால் சரி. இறுக்கமாக இருந்தால் அரை மணியில் தலைவலி வந்துவிடும்.

நிறத்தில்தான் நிறைய பேர் சறுக்குகிறார்கள். நம் முடி கறுப்பு என்று நினைத்துக் கன்னங்கரேலென்று இருக்கும் 1ஆம் எண் விக்கை எடுத்துவிடுவார்கள். வெயிலில் நிறுத்திப் பார்த்தால் நம் முடியில் பழுப்பு ஓடுவது தெரியும். 1பி என்ற எண் அதற்கு அடுத்தது, 2 அடர்பழுப்பு. 54 வயதில் 1பி அல்லது 2, கூடவே கொஞ்சம் நரை கலந்தது என்றால் முகத்தோடு ஒட்டிப்போகும். கீமோவில் சிலருக்கு முகம் கறுக்கும், சிலருக்கு ரத்தம் குறைந்து வெளிறும். இரண்டுக்குமே அட்டைக்கறுப்பு பொருந்தாது. டியூப்லைட் வெளிச்சத்தில் முடிவு செய்யாமல், வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். அதற்கு முன் வீட்டில் ஒரு வேலை: முடி இருக்கும்போதே முன்பக்கம், இரண்டு பக்கவாட்டு, வகிடு, நெற்றிக்கோடு எல்லாம் தெரிய போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சின்னக் கற்றையை வெட்டி ரப்பர் பேண்ட் போட்டு வையுங்கள். கடைக்கு அதுதான் அளவுகோல்.

அடர்த்தியும் அப்படித்தான். புது விக் எல்லாவற்றிலும் முடி தேவைக்கு அதிகமாகவே இருக்கும். விளம்பரத்தில் 150, 180 சதவீதம் என்று பெருமையாகப் போடுவார்கள். அது மேடைக்குப் போகிறவர்களுக்கு. அம்மாவின் வயதில் 100 முதல் 130 சதவீதம் போதும். எடையும் குறையும், தலையும் புழுங்காது.

இப்போது நான் மேலே சொன்ன வெட்டும் வேலைக்கு வருகிறேன். பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே போட்டால் எந்த விக்கும் விக்காகத்தான் தெரியும். காதுக்கு மேலே புடைத்திருக்கும், உச்சி தூக்கலாக இருக்கும், நெற்றியோரம் ஒரே அடர்த்தியாகச் சுவர் மாதிரி நிற்கும். நம் சொந்த நெற்றிக்கோட்டில் முடி மெல்லிசாகத் தொடங்கிப் போகப்போக அடர்த்தியாகும். அந்த வித்தியாசத்தைக் கண் உடனே பிடித்துவிடும். கைதேர்ந்த ஒருவர், விக்கை அம்மாவின் தலையில் வைத்து, போட்டோவைப் பார்த்துப் பார்த்து, கண்ணுக்கும் காதுக்கும் நடுவில் உள்ள கன்னப்பொட்டுப் பக்கத்தில் இரண்டு மூன்று மெல்லிய இழைகளைக் குட்டையாக விட்டு, காதோரம் குறைத்து, முகத்துக்கு ஏற்ப, நுனி ஒரே கோடாக நிற்காதபடி வெட்டிவிடுவார். ஒரே நாளில் முழுசாக வெட்டச் சொல்லாதீர்கள். முதல் நாள் கொஞ்சம் வெட்டி, ஒரு வாரம் போட்டுப் பார்த்துவிட்டு மீதி. வெட்டியது வளராது. பார்லரில் எல்லாருக்கும் இது வராது, இதற்கு முன் விக் வெட்டியிருக்கிறீர்களா என்று நேராகவே கேளுங்கள்.

லேஸின் முன்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் உபரி வலையையும் அவர்தான் வெட்டுவார், நேர்கோடாக இல்லாமல் சற்றே வளைந்து வளைந்து. அதை வெட்டிவிட்டால் திருப்பிக் கொடுக்க முடியாது. இதுதான் என்று உறுதியான பிறகு வெட்டலாம். வலையின் நிறம் பெரும்பாலும் வெளிறியதாகவே வரும். அம்மாவின் நிறத்துக்குச் சேரும் காம்பாக்ட் பவுடரை உள்பக்கம் தட்டிவிட்டால் வகிடு வெள்ளையாகத் துருத்தாது.

பின்னல் விஷயத்துக்கு வருவோம், அம்மா மனதில் ஓடுவது அதுவாகத்தான் இருக்கும். நெற்றி லேஸ் விக்கில் முன்பக்கம் மட்டும்தான் இயற்கையாக இருக்கும். எல்லா முடியையும் பின்னால் இழுத்து உயரமாகக் கட்டினால் பிடரியில் தையல் பட்டைகள் வெளியே தெரிந்துவிடும். சுற்றிலும் லேஸ் வைத்த வகையில் தூக்கிக் கட்டலாம், விலை எகிறும். சாதாரண வகையில், காதோர முடியைத் தளர்வாக விட்டு, கழுத்துக்குக் கீழே தொடங்குகிற தளர்ந்த பின்னல் போடலாம். ஆனால் இடுப்பு நீளத்துக்கான முடியின் எடை முழுவதும் கேப்பைப் பின்னால் இழுக்கும், நெற்றிக்கோடு மேலே ஏறும். ரவிக்கை முதுகில் உரசி உரசி நுனி நாராகும். கல்யாணம், கோயில் என்று போகும் நாட்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். தோள்வரை முடியுள்ள விக்கில் பிடரிக்குக் கீழே சின்னக் கிளிப் போட்டு முடியைச் சேர்த்து, தாழ்வாக ஒரு சின்னக் கொண்டை. அதைச் சுற்றி அரை முழம் மல்லிகை. பூவை விக்கின் வலையில் குத்தாமல் கிளிப்பில் மாட்டுங்கள். கனகாம்பரமும் கதம்பமுமாக இரண்டு முழம் என்றால் இழுக்கும். குங்குமத்தை வகிட்டில் இட வேண்டாம், வலையில் ஏறினால் அந்தச் சிவப்பு போகாது. விக்கின் ஓரத்துக்குக் கீழே நெற்றியில் இடலாம்.

அம்மாவின் சொந்த முடியிலேயே விக் செய்ய முடியுமா என்று பலர் கேட்பார்கள், உங்களுக்கும் தோன்றியிருக்கும். முழு விக்குக்கு ஒரு தலை முடி பெரும்பாலும் பற்றாது. கையால் முடிச்சுப் போட்டு முடிக்க வாரக்கணக்கில் ஆகும், செலவும் அதிகம். ஆனால் அந்தப் பின்னலை வீணாக்க வேண்டியதில்லை. காதுக்குக் காது சுற்றி வருகிற பட்டையில் மட்டும் முடியைத் தைத்து, உச்சி திறந்தபடி ஒன்று செய்வார்கள். மேலே ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டால், ஓரங்களிலும் பிடரியிலும் தன் முடியே தெரியும். தலைக்கு நல்ல காற்று. எங்கள் வெயிலுக்கு இதைவிட இதமான ஒன்று கிடையாது என்பேன். இதற்கு, கீமோ தொடங்கும் முன்பே முடியை இறுக்கிப் பின்னி, இரண்டு முனையிலும் ரப்பர் பேண்ட் போட்டு, மேல் பேண்டுக்கு மேலே வெட்டி எடுக்க வேண்டும். கொட்டிய பிறகு பொறுக்கிச் சேர்த்த முடி இதற்கு உதவாது. இடுப்பு முடி திடீரென்று ஒன்றுமே இல்லாமல் போவதைவிட, முதலில் கழுத்தளவுக்கு வந்து பழகுவது மனதுக்கும் கொஞ்சம் எளிது. கழுத்தளவு விக்கைப் போட்டுப் பள்ளிக்குப் போகும்போது, முடியை வெட்டிக்கொண்டதாகத்தான் பிள்ளைகள் நினைப்பார்கள்.

வெயில் பற்றிக் கேட்டீர்கள். புழுங்கத்தான் செய்யும், மறைத்துச் சொல்ல மாட்டேன். விக்குக்கு அடியில் மெல்லிய பருத்தி அல்லது மூங்கில் இழைத் தொப்பி ஒன்று போட வேண்டும். அது வியர்வையை உறிஞ்சும், தையல் குத்தாது. நான்கைந்து வாங்கி வையுங்கள். ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு மதியம் மாற்றிக்கொள்ளலாம். நைலான் தொப்பி கடையில் இலவசமாகத் தருவார்கள், நம் ஊருக்கு அது ஆகாது. நழுவுகிற பயம் இருந்தால் வெல்வெட் மாதிரியான பட்டை ஒன்று கிடைக்கிறது, நெற்றியைச் சுற்றிப் போட்டால் விக்கைப் பிடித்துக்கொள்ளும். பசையும் டேப்பும் கீமோ முடியும் வரை வேண்டவே வேண்டாம். அந்தச் சமயத்தில் தோல் மெலிந்து இருக்கும், உரித்தால் புண்ணாகும்.

முடி கொட்டத் தொடங்கும்போது தலைத்தோல் வலிக்கும், தொட்டாலே எரியும் என்பார்கள். அந்தக் கட்டத்தில் குட்டையாக ஒட்ட வெட்டிவிட்டால் வலி குறையும். டிரிம்மரில் செய்யச் சொல்லுங்கள், சவரக்கத்தி வேண்டாம். ரத்த வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நேரத்தில் சின்னக் கீறல்கூடத் தொற்றாகிவிடும். இதே காரணத்தால் கடைக்குப் போவதை முதல் கீமோவுக்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறதே. கடையில் போட்டுப் பார்க்கும் விக்குகளைப் பலரும் போட்டிருப்பார்கள். சொந்தத் தொப்பியை அடியில் போட்டுக்கொண்டு பார்க்கட்டும்.

போடும் முறை: விக்கின் ஓரம் புருவத்துக்கு மேலே நான்கு விரல் தள்ளி இருக்க வேண்டும். புதிதாகப் போடுகிறவர்கள் எல்லாரும் நழுவிவிடுமோ என்று நெற்றி வரை இழுத்துவிடுவார்கள். விக் என்று காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் அதுதான். காதுக்கு முன்னால் இரண்டு பக்கமும் சின்னத் துணி நாக்கு இருக்கும். இரண்டும் ஒரே மட்டத்தில் இருந்தால் விக் நேராக இருக்கிறது. அதனுள் இருக்கும் மெல்லிய கம்பியை வளைத்துக் கன்னப்பொட்டோடு ஒட்டவைக்கலாம். கண்ணாடி போடுபவராக இருந்தால், கண்ணாடியோடுதான் வாங்கும்போதே பார்க்க வேண்டும். வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனால், ஹெல்மெட்டுக்கும் விக்குக்கும் நடுவில் வழுக்கலான துணி ஒன்று. ஹெல்மெட்டைக் கழற்றும்போது ஒரு கை நெற்றியோரத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும், மறந்தால் இரண்டும் சேர்ந்து வரும். வெளியே போகும் முன் வீட்டில் ஒன்றிரண்டு மணி நேரம் போட்டுப் பழகட்டும். புருவமும் இமைமுடியும்கூடப் பின்னால் கொட்டலாம், முகம் மாறுவதற்கு அதுவும் காரணம். லேசான பழுப்புப் புருவப் பென்சில் ஒன்று வாங்கி, புருவம் இருக்கும்போதே அதன் மேல் வரைந்து கை பழகிக்கொள்வது நல்லது.

கழுவுவதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நம் வியர்வைக்கு, எட்டுப் பத்து முறை போட்ட பிறகு ஒரு தடவை. பச்சைத் தண்ணீரில் கொஞ்சம் ஷாம்பூ கலந்து முக்கி எடுங்கள், கசக்காதீர்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கடைசி அலசலுக்குக் கேன் தண்ணீர். துண்டில் ஒற்றி, நிழலில் ஒரு ஸ்டாண்டில் மாட்டுங்கள். ஈரத்தில் சிந்தெடிக் விக்கைச் சீவக் கூடாது. காய்ந்த பிறகு அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து தொடங்கி மேலே போங்கள். சீயக்காய், தேங்காய் எண்ணெய் எதுவும் வேண்டாம். எண்ணெய் முடிச்சைத் தளர்த்தி முடியை உதிரவைக்கும். விக்கோடு தூங்கவும் வேண்டாம்.

பணம் நெருக்கடியாக இருந்தால், விக் வாங்கும் முன் மருத்துவமனையிலேயே கேளுங்கள். தானமாக வந்த முடியில் செய்த விக்குகளை நோயாளிகளுக்கு இலவசமாகக் கொடுக்கும் ஏற்பாடு சில புற்றுநோய் மருத்துவமனைகளில் இருக்கிறது. சமூகப் பணியாளர் அல்லது கீமோ வார்டு நர்ஸிடம் கேட்டால் வழிகாட்டுவார்கள். கீமோ ஏறும்போது தலையைக் குளிர்வித்து முடி உதிர்வைக் குறைக்கும் கருவியும் சில பெரிய மருத்துவமனைகளில் உண்டு. எல்லா மருந்துக்கும் எல்லாருக்கும் அது ஒத்துவராது, டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

இன்னொன்று. கடைக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், நீங்கள் வாங்கிவந்து ஆச்சரியப்படுத்த வேண்டாம். கண்ணாடி முன்னால் அவர் எதைப் பார்த்துத் தலையசைக்கிறாரோ அதுதான் சரியான விக், நமக்குப் பிடித்தது வேறாக இருந்தாலும். வீட்டுக்கு யாராவது வந்தால், “அம்மா, விக்கைப் போட்டுக்கோங்க” என்று சொல்லாதீர்கள். போடுவதும் கழற்றுவதும் அவர் இஷ்டம். விக் வாங்கி இரண்டு தடவைகூடப் போடாமல், பருத்தித் துணி கட்டிக்கொண்டே சிகிச்சை முழுவதையும் கடந்தவர்களை எனக்குத் தெரியும். அதுவும் சரிதான்.

புதுமுடி வரும்போது சுருட்டையாகவோ நரையாகவோ வரலாம். நேரான முடி இருந்த அம்மாவுக்குச் சுருள் வந்தால் பயப்பட வேண்டாம், பலருக்குப் போகப்போகப் பழைய மாதிரி ஆகிவிடும். முளைக்கும் முடி மேலேயே விக் போடலாம், அதனால் வளர்ச்சி நின்றுவிடாது, இறுக்கமாக மட்டும் இருக்கக் கூடாது. பின்பக்கப் பட்டையைக் கொஞ்சம் தளர்த்திவிடுங்கள். டை அடிப்பதை மட்டும் டாக்டர் சரி என்று சொல்கிற வரைக்கும் தள்ளிவையுங்கள்.